தெரியாது என்று சொன்ன அக்கா

காட்டைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவதை வேலையாகக் கொண்ட ஒருவர், மேடு ஏறுவதை இவ்வளவு வெறுத்து நான் பார்த்ததில்லை. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து முதல் வீடு கொஞ்சம் உயரத்தில் இருந்தால் போதும், "இவங்கல்லாம் கீழ வந்து வீடு கட்டியிருக்கக் கூடாதா?" என்று ஆரம்பித்துவிடுவார். கையில் செருப்பு, தோளில் துணிப்பை, கொண்டையின் பக்கமாக ஓசூர் ரோஜா ஒன்று. வெயிலில் ரோஜா வாடிவிடக் கூடாது என்பதற்காகவே தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்வார். துணிப்பையில் சீப்பு, பவுடர் டப்பா, எவர்சில்வர் டம்ளர், வறுத்த வேர்க்கடலை, அலுவலகம் கொடுத்த சுவரொட்டிகள். இந்த வரிசையில்தான் அவை முக்கியம்.

மரங்களின் பெயரும் அவருக்கு நிற்காது. நெல்லி, புளி, சீத்தா மூன்றையும் தாண்டினால் எல்லாமே "அந்த மரம்"தான்.

எண்பதுகளின் கடைசி அது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, தொழிற்சாலை எதிலும் சேராமல், ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நடந்துவந்த சிறிய தன்னார்வ நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையடி ஊர்களில் காடு காக்கும் குழுக்கள் அமைப்பது நிறுவனத்தின் வேலை. விறகுச் செலவைக் குறைக்கப் புகையில்லா அடுப்பு கட்டித் தருவது என் பங்கு. ஊர்க் கூட்டங்களில் பேசுவது அக்காவின் பங்கு. கல்லாவியில் பிறந்து, ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கிற ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். என்னைப் 'பாப்பா' என்பார்.

நாங்கள் போகிற ஊர்களில் ஒரு தெருவில் கன்னடம், அடுத்த தெருவில் தெலுங்கு, கடையில் தமிழ். அக்கா மூன்றையும் கலந்தடிப்பார். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் அவர் வாயிலிருந்து அடிக்கடி விழுகிற சொல் ஒன்றுதான். தமிழில் 'தெரியாது'. கன்னடத்தில் 'கொத்தில்ல'. தெலுங்கில் 'தெலியது'. தனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்ல அவரால் முடியாது. கொள்கை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது இல்லையா, அதுபோல.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் கூட்டம். 'மரம் நடுவோம், மழை பெறுவோம்' என்ற சுவரொட்டியை ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அக்கா அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சுருட்டிப் பையில் போட்டார். வனத்துறை ரேஞ்சர் வந்து, "சுவரொட்டி எங்கம்மா?" என்றார்.

"ஒட்டல சார்."

"ஏன், பசை இல்லையா?"

"பசை இருக்கு. நட்டா மழை வரும்னு எனக்குத் தெரியாது சார். நட்டா நிழல் வரும், அது தெரியும். இவங்க நாளைக்கு நட்டுட்டு, மழை வரலன்னா என் வீட்டுக்குத்தான் வருவாங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "நிழலுக்குன்னா நான் ரெண்டு வாங்கிக்கறேன்" என்றார். கூட்டம் சிரித்தது. ரேஞ்சர் சிரிக்கவில்லை. திரும்பும்போது ஜீப்பில் எங்கள் நிறுவனத் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா எனக்கு வேர்க்கடலை கொடுத்துக்கொண்டே வந்தார்.

என் அடுப்புக்கும் இதே கதிதான். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தபடி, "இதுல விறகு பாதிக்குப் பாதி மிச்சம்" என்று நான் பெண்களிடம் விளக்கினேன். புகைக்குழாயின் உயரம், காற்று போகும் வழி, விறகு எரியும் அறையின் அகலம் எல்லாம் வரைந்தே காட்டினேன். அக்கா பின்னாலிருந்து எழுந்தார்.

"பாதின்னு பாப்பா சொல்லுது. அது படிச்ச புள்ள. எங்க வீட்லயும் இதே அடுப்புதான். எனக்குப் பாதியெல்லாம் மிச்சமாவல, கொஞ்சந்தான் ஆச்சு. ஒருவேள எனக்கு எரிக்கத் தெரியலயோ என்னமோ. ஆனா கண்ணு எரியல. இருமல் இல்ல. சுவரு கறுக்கல. வேணும்னா கட்டிக்கங்க, வேணாம்னா விடுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த ஊரில்தான் அதிகம் பேர் அடுப்பு கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் குணத்தால் நல்லது மட்டும் நடந்ததாகச் சொல்லிவிட முடியாது. அவர் குடியிருந்த வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை மதுரைப் பக்கத்துப் பையன், தொழிற்சாலையில் வேலை. பெண்ணின் அப்பா அக்காவின் வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் வேலை செய்யற கம்பெனிதானே, பையன் பர்மனென்ட்தானேம்மா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக வந்தவர் அவர். அக்கா, "தெரியாதுண்ணே. டெம்பரவரின்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. சரியா தப்பான்னு தெரியாது" என்றார். கல்யாணம் நின்றுபோனது. பையன் பர்மனென்ட் ஆகிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. அந்த வரிசையில் ரொம்ப நாள் யாரும் அக்காவிடம் பேசவில்லை. குழாயடியில் அவர் குடத்தைத் தள்ளி வைத்தார்கள்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாமே அக்கா," என்றேன்.

"சொல்லியிருக்கலாந்தான்," என்றார். "அந்தப் பொண்ணு மூஞ்சிய இப்பவும் பாக்க முடியல பாப்பா. ஆனா அந்த நிமிசம் எனக்குத் தெரியாதே."

நான் எழுத நினைத்தது இவற்றை அல்ல. மலைக்கு மாலை போடுகிற விஷயத்தை.

எங்கள் ஊர்களில் ஒன்று மலையை ஒட்டியே இருந்தது. ஐம்பது அறுபது வீடுகள். வீட்டுக்கு ஓர் ஆணாவது ஓசூரில் வேலை. மீதிப்பேருக்கு ஆடும் கேழ்வரகும். உச்சியில் ஒரு வெட்டவெளி, நடுவில் முழங்கால் உயரக் கல். அதுதான் சாமி. வெட்டவெளி ஊர்ப் புறம்போக்கு. அதைத் தாண்டினால் நாலா பக்கமும் வனத்துறைக் காடு. வீட்டில் யாருக்காவது உயிர் போகிற நோய் வந்து பிழைத்தால், மாசியில் காய்ந்த மஞ்சம்புல்லுக்கு மலைமேல் தீ வைப்பதாக வேண்டிக்கொள்வார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் கீழேயிருந்து பார்த்தால் மலையின் கழுத்தில் சிவப்பு மாலை விழுந்ததுபோல் இருக்கும். அதனால் அதற்குப் பெயரே மாலை போடுவது. வேண்டிக்கொள்கிறவர் ஒருவர்; எரிவது மலை முழுக்க.

அக்கா இந்த ஊரில் ஒரு வருடமாகப் பேசிவந்தார். தீ வைக்காதீர்கள் என்று சொன்னதில்லை. கேள்விதான் கேட்பார். "தீ வெச்ச வருசம் ஏரியில மண்ணு இறங்குச்சா, இல்லையா?" "சீத்தாப்பழம் எந்தப் பக்கம் காய்க்குது, எரிஞ்ச பக்கமா, எரியாத பக்கமா?" பெண்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஒரு கூட்டத்தில் ஆடு மேய்க்கிற ஒருவர், "எரிச்சாத்தான் ஆட்டுக்கு இளம்புல்லு வரும், அதுக்கு என்ன சொல்ற?" என்றார். "ஆமா, வரும்" என்று அக்கா ஒத்துக்கொண்டார். "அப்புறம் மழை பெருசா வந்தா அந்தப் புல்லு நிக்குமா?" அவர் யோசித்தார். "நிக்காது" என்றார். இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அந்த மாசியில் யாரும் தீ வைப்பதில்லை என்று ஊர்க்குழு முடிவெடுத்தது. அக்கா அன்று புது ரோஜா வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரமே அந்தப் பெண் வந்தாள். இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் ஆண்பிள்ளை, இன்னும் நடக்கத் தொடங்காதது. கார்த்திகையில் அந்தப் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் கிடத்தி, இனி ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்ன பிறகு பிழைத்து வந்தது. அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஊரு முடிவு எடுத்துடுச்சு. நான் எடுக்கலயே," என்றாள். கண் கலங்கவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. "அக்கா, நான் மாலை போடாம இருந்தா என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் விட்டுடறேன். இன்னொருத்தங்க சொன்னா கேக்க மாட்டேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் மலை தப்பும், ஒரு வருட உழைப்பு தப்பும், அந்தப் பெண்ணுக்கும் மனம் ஆறும். நான் என்றால் சொல்லியிருப்பேன். அறிவியலும் என் பக்கம்தான் இருந்தது.

அக்கா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அவருடைய வளையலைக் கடித்தது.

"கொத்தில்லம்மா," என்றார். "புள்ளைங்களுக்குக் காய்ச்ச வரும், போகும். தீ வெச்சாலும் வரும், வெக்கலன்னாலும் வரும். அது எதனால வரும்னு எனக்குத் தெரியாது. ஆவாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்தப் பெண் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று நான் அக்காவிடம் பேசவில்லை. மதியம் அவர் டம்ளரில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஊரில் இப்படிப்பட்ட சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. சாமியிடம் பூ கேட்பது. கல்லின் இரு தோளிலும் ஈரப்பூவை ஒட்டி வைத்துக் கேள்வி கேட்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. நெருப்பு மாலைக்குப் பதில் பூமாலை சாத்தினால் ஏற்குமா என்று கேட்பதற்கு அந்தப் பெண்ணின் மாமியார் சம்மதித்தார். அவளும் அரைமனதாகத் தலையாட்டினாள்.

அக்கா புலம்பிக்கொண்டே மலையேறினார். மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மேலே, மற்றவர்கள் வந்துசேரும் முன், பூசாரி எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். அவரும் ஊர்க்குழுவில் ஒருவர். மலை எரியக் கூடாது என்பதில் எங்களைவிடத் தீவிரம்.

"வலப்பக்கப் பூவைக் கொஞ்சம் ஈரம் கம்மியா வெச்சா தானா விழுந்துடும்," என்றார் மெதுவாக. "வெக்கட்டா?"

நான், "வைங்க" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாஞ் சாமி," என்றார் அக்கா.

"ஏம்மா, நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்குத்தான். ஆனா நாளைக்கு அவ வந்து, 'பூ தானா விழுந்துச்சா அக்கா'ன்னு கேப்பா. அவ கேக்கற ஆளு. என் மூஞ்சியே சொல்லிடும். அப்புறம் அவளுக்குச் சாமியும் இல்ல, நானும் இல்ல."

பூசாரி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பூவையும் ஒரே அளவு நனைத்து ஒட்டினார். எல்லோரும் வந்தார்கள். கேள்வி கேட்கப்பட்டது. ரொம்ப நேரம் ஒன்றும் விழவில்லை. பிறகு இடப்பக்கம் விழுந்தது.

பூசாரி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு மனதுக்குள் மலை எரியத் தொடங்கிவிட்டது: முதலில் மேற்குச் சரிவு, பிறகு சீத்தாக்காடு, பிறகு போன ஆடியில் பெண்கள் ஊன்றிய புளியங்கன்றுகள்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். தான் ஜெயித்ததுபோல் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அக்கா அவள் அருகில் போய்ப் புல்லில் உட்கார்ந்தார்.

"வேண்டிக்கிட்டப்ப என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

"என்னன்னா... புள்ளைய எழுப்பிக் குடு சாமி, உனக்கு நெருப்பு மாலை போடறேன்னு சொன்னேன்."

"யாருக்கு?"

"சாமிக்கு."

"இந்தச் சாமிக்கா?"

"இந்தச் சாமிக்குத்தான். வேற எந்தச் சாமி இருக்குது இங்க?"

அக்கா கல்லைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். முழங்கால் உயரம், மஞ்சள் பூசி, தோளில் ஒரே ஒரு பூ மிச்சமாக.

"அளவெடுத்துத்தானே மாலை கட்டணும்?" என்றார் அக்கா. "இதுக்கு மலை அகலத்துக்கு மாலை போட்டா கழுத்துல நிக்குமா?"

மாமியார்தான் முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணும், சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு. அக்காவின் யோசனை இதுதான்: கல்லைச் சுற்றி ஒரு வளையம் புல்லை மட்டும் விட்டு, அதன் உள்பக்கமும் வெளிப்பக்கமும் மண் தெரியச் செதுக்கினால், எரிகிற நெருப்பு மாலையாகவே இருக்கும், வெட்டவெளியைத் தாண்டாது. செதுக்க வேண்டிய அகலத்தை நான் சொன்னேன். புல்லின் உயரத்தைப்போல் மூன்று பங்காவது வேண்டும் என்று.

அந்தப் பெண் உடனே தலையாட்டிவிடவில்லை. "இத்தினி போதும்னு சாமி ஒத்துக்குமா அக்கா?"

"தெரியாது."

"மறுபடியும் பூ கேக்கலாமா?"

"கேக்கலாம். எந்தப் பக்கம் விழுமோ, அதுவும் எனக்குத் தெரியாது."

அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் தாலியை இழுத்து விளையாடியது. "கேக்க வேணாம்," என்றாள் கடைசியில். "வேண்டிக்கிட்டது நானு. நானே போடறேன்."

அந்தப் பிள்ளைக்கு அதன்பிறகு காய்ச்சலே வரவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். வந்தது. சித்திரையில் இரண்டு நாள் காய்ந்தது. அந்தப் பெண் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஓசூருக்கு வந்து அக்காவின் கதவைத் தட்டினாள். அக்கா தலைகூடச் சீவாமல் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய், காய்ச்சல் இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை, வெறும் பல் முளைக்கிற காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். பையன் பிறகு பள்ளிக்கூடம் போனான், கணக்கில் மந்தம் என்று கேள்வி. அக்கா கணவரின் வேலை மாற்றலோடு ஊர்விட்டுப் போனார். எந்த ஊர் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் அவரை நினைக்கும்போது என் கண்முன் வருவது ஆஸ்பத்திரி பெஞ்சு இல்லை. மாலை போட்ட காலைநேரம்தான்.

பெண்கள் மண்வெட்டியும் அரிவாளுமாக வந்து, நாலு நாளில் வளையத்தைச் செதுக்கி முடித்திருந்தார்கள். அக்கா வனக்காவலரிடம் போய் எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிட்டார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கிட்டச் சொல்லாம செஞ்சிருக்கக் கூடாதாம்மா? இப்ப நான் வரலன்னா தப்பு, வந்தாலும் தப்பு." ஆனாலும் வந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, பனியனோடு, கையில் பச்சைக் கிளையோடு நின்றார்.

பனி இன்னும் புல்லில் இருக்கிற நேரத்தையே தேர்ந்தெடுத்திருந்தோம். காற்று இல்லை என்று நான் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துச் சொன்னேன். ஆளுக்கொரு பச்சைக் கிளையுடன் எல்லோரும் வெளிக்கோட்டில் நின்றார்கள். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார். அந்தப் பெண் கற்பூரத்தைப் பந்தத்தில் வைத்துக் கொளுத்தினாள். கொளுத்திவிட்டுத் திரும்பி அக்காவைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. அக்கா பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார், நெருப்பு அதற்கும் தெரியட்டும் என்பதுபோல.

அவள் பந்தத்தைப் புல்லில் வைத்தாள்.

முதலில் புகைதான். பனி காய்ந்ததும் புல் சடசடவென்று பிடித்து, இரண்டு பக்கமும் ஓடி, கல்லுக்குப் பின்னால் சந்தித்துக்கொண்டது. ஒரு முழு வளையம். நடுவில் கல் சிவப்பாகத் தெரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி கும்பிட்டார். காவலரும் கும்பிட்டதை நான் பார்த்தேன். செதுக்கிய மண்வரை நெருப்பு வந்து, நாக்கை நீட்டிப் பார்த்து, எரிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கரி வளையமும் புகையும்தான் மிச்சம்.

மாமியார் பொரிகடலை பங்கிட்டார். எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். யாரோ காவலரைக் கேலி செய்தார்கள், "சார், பனியனெல்லாம் கறுத்துப்போச்சு, வீட்ல என்ன சொல்லுவீங்க?" என்று. அக்கா வழக்கம்போல, இறங்குவதை நினைத்து இப்போதே முழங்காலைத் தடவிக்கொண்டார். பிள்ளை அவர் தோளில் தூங்கிவிட்டது. கூட்டம் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கியது.

அந்தப் பெண் மட்டும் வரவில்லை. கையில் கிளையோடு வெளிக்கோட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். காட்டை ஒட்டிய ஓரத்தில் குனிவாள், ஒரு புல்லடியை அடிப்பாள், காலால் மண்ணைத் தள்ளி மூடுவாள், இரண்டடி நடந்து மறுபடி குனிவாள். ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்றைத் தொடங்கினாள்.

"போதும்மா, அணைஞ்சுடுச்சு," என்று அக்கா கூப்பிட்டார். "வா, இறங்கலாம். வெயில் ஏறுது."

அவள் நிமிரவில்லை.

"இருங்கக்கா," என்றாள். "அங்க ஒண்ணு இன்னும் புகையுது."